மணி அடிக்க மறந்த மகன்

நான் மகனை வீட்டைவிட்டுத் துரத்தியதாகச் சொல்லித் திரிகிறார்கள். துரத்தவில்லை. அவனாகத்தான் வராமல் இருக்கிறான்!

(இதை இந்த இணையக் குழுவுக்காக நூலகக் கணினியில் நானே தட்டுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது. இருக்காது.)

மகன் ரூபன் கொழும்பிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டபோது அவனுடைய அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"போய்ச் சேர்ந்த உடன ரெலிபோனில மூண்டு மணி அடிச்சிட்டு வை, தம்பி. நாங்கள் எடுக்க மாட்டம். சத்தம் கேட்டால் போதும்."

ரூபன் வந்து சேர்ந்தான். இங்கே பார்க்டேல் பகுதியில் கூட்டாளிகளைக் கண்ட சந்தோஷத்தில் மணி அடிக்க மறந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போன ஒரு படகு எங்கோ கவிழ்ந்ததாக வானொலி சொன்னது. அவன் எந்த வழியால் போகிறான் என்று எங்களுக்குத் தெரியாது. இவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பிறகு என்னை இங்கே கூப்பிட்டவனும் ரூபன்தான். நான் மகளோடு இருக்கிறேன். அவன் பக்கத்து நகரமான பிறம்ரனில். "அம்மாவுக்கு முன்னால எப்பிடியக்கா நிக்கிறது?" என்கிறானாம்.

இன்று மகளோடு ஒரு கிரேக்கப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். கவுண்டரில் நின்றவரின் சட்டையில் பெயர் இருந்தது: தீசியஸ்!

கொன்வென்ர் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. உயிரோடு திரும்பினால் கப்பலில் கறுப்புப் பாயை இறக்கி வெள்ளைப் பாய் ஏற்று என்றார் அப்பா. வெற்றிக் களிப்பில் மகன் தீசியஸ் மறந்தான். கறுப்புப் பாயைக் கண்ட அப்பா கடலில் குதித்தார். அவர் ஏஜியஸ். அது இன்றும் ஏஜியன் கடல்.

"அப்பாவின் சாவுக்குக் காரணமானவன் பெயரையா உமக்கு வைத்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

"ஐயோ அம்மா, பின்னால ஆக்கள் நிக்கினம்!" என்று மகள் இழுத்தாள்.

அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "மறந்துதானே போனான், அம்மா. எங்கள் ஆட்கள் அவனைத்தானே அரசனாக்கினார்கள். என் தாத்தாவுக்கும் இந்தப் பெயர்தான்."

கடலுக்கு அப்பாவின் பெயர். பிள்ளைகளுக்கு மகனின் பெயர். அந்தச் சனம் இருவரில் ஒருவரையும் கைவிடவில்லை.

பேருந்தில் ஏறிய பிறகு மகள் கேட்டாள்.

"அம்மா, பாண் எங்க?"

"கவுண்டரிலயே விட்டிட்டன்."

"நீங்களோ? மறந்தனீங்களோ!"

அவள் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ரூபன், நீ இந்தக் குழுவை வாசிக்கிறாய் என்று அக்கா சொன்னாள். அப்பா உன்னை ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவாயா? தொலைபேசியில் கூப்பிடாதே. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.

எழுதிப் பதில் போடு.