அந்த ஃபேனைப் போட்டது நான்தான்

செபஸ்தியான் அண்ணன் போய்விட்டார்... காலையில் விளக்கேற்றிவிட்டு போனை எடுத்தால், பழைய முதலாளி மகன் செய்தி அனுப்பியிருக்கிறான். நெஞ்சுவலியாம். இன்று பதினோரு மணிக்கே அடக்கமாம்.

நான் திருப்பூரில் மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பஸ் ஏறினாலும் அவர் ஊரான மம்சாபுரம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உங்களில் நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பீரோ பட்டறையில் அவர் வெல்டர். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பீரோவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் போவேன்.

ஆண்டாள் கோயில் பிரசாதம் கொண்டுபோனால் முதலில் கை நீட்டுவது மாதா கோயிலுக்குப் போகிற இந்த வேதக்கார அண்ணன்தான். "ஏட்டி செல்லம், உங்க சாமி பொங்கல்ல நெய்யவே காணுமே... வார வழியில நீ நக்கிட்டியா?" என்பார்.

அதுவரை எங்கள் பட்டறையில் குச்சி வெல்டிங்தான். முதலாளி திடீரென்று ஒரு மிக் மெஷின் வாங்கிப் போட்டார். கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், கூடவே சிலிண்டரிலிருந்து கேஸ் வரும். பயந்துகொண்டு யாரும் கிட்டே போகவில்லை.

செபஸ்தியான் அண்ணன் மட்டும் சாப்பாட்டு நேரத்தில்கூட வேஸ்ட் தகட்டை வைத்து ஓட்டி ஓட்டிப் பழகினார். ஒரே மாசம்... அவர் வைத்த ஒட்டின்மேல் எனக்கு உப்புத்தாள் போட வேலையே இருக்காது. அப்படி ஒரு வழவழப்பு.

அப்போது அவருக்குச் செட்டியார்பட்டியில் ஜெயமேரி என்று ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஒரே பேச்சுதான். "சட்டை பூராம் பொறி விழுந்து ஓட்டை. எப்படி நம்பிக் குடுக்க? வெளிநாட்டு வேலைக்குப் பாஸாகட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருதேன்." இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் எல்லார் முன்னாலும் அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள்.

சவூதிக்கு ஆள் எடுக்கும் டெஸ்டும் வந்தது. மிக் தெரிந்த வெல்டர்தான் வேண்டுமாம். மெஷின் எங்களிடம் இருந்ததால் பட்டறையிலேயே வைத்தார்கள். பத்துப் பேரில் இரண்டு பேரை எடுப்பார்கள்.

சித்திரை வெயில், தகரக் கொட்டகை. அண்ணன் முறை வந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக் குனிந்தார். முதுகுச் சட்டை தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி... எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பெயிண்ட் காய்வதற்காக ஓட்டுகிற பெரிய ஃபேனை யாரோ அமர்த்தியிருந்தார்கள். எந்தப் புண்ணியவானோ என்று திட்டிக்கொண்டே போய்ச் சுவிட்சைப் போட்டேன். அவர் பக்கமாகத் திருப்பியும் வைத்தேன். அண்ணன் பாஸாக வேண்டும் தாயே என்று கும்பிட்டுக்கொண்டும் நின்றேன்.

அவர் ஹெல்மெட்டைத் தூக்கினார். ஒட்டு முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை.

ஃபேனைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். டெஸ்ட் எடுக்க வந்தவர் தகட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "அடுத்த ஆள்" என்றார்.

"என்னலே செபஸ்தி, இப்படிச் சொதப்பிட்ட?" என்று முதலாளி கத்தினார். "கை நடுங்கிருச்சு மொதலாளி" என்றார் அண்ணன். போகிற போக்கில் ஃபேனை அமர்த்திவிட்டுப் போனார்... அடுத்த ஆளுக்காக.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் அண்ணன் மிக் ஓட்டும்போது, புதுசாக வந்த பெயிண்டர் அதே ஃபேனைப் போட்டான். முதலாளி பாய்ந்து வந்தார். "ஏலே, அமத்துலே! கேஸைக் காத்து தள்ளிட்டுப் போச்சுன்னா ஒட்டு பூராம் ஓட்டை விழும். இனிமே எவன் போட்டாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்!"

அப்போதுதான் விளங்கியது, அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று.

சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் அண்ணனைப் பிடித்தேன். "அண்ணே, அன்னைக்கு ஃபேனை..."

"வேர்க்குதேன்னுதான போட்ட? விடு தாயி."

"இன்னொரு வாட்டி டெஸ்ட் கேளுங்கண்ணே. நான்தான்னு நானே சொல்லுதேன்."

"சொல்லி? ஒன் வேலையும் போகவா? டெஸ்ட் எடுத்தவிய அன்னைக்கே மெட்ராஸுக்கு ரயிலேறிட்டாவ."

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை செட்டியார்பட்டிக்கே போனேன். ஜெயமேரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஒரு ஃபேனு போட்டா நின்னு போற பொழைப்பா? நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுச்சு" என்றார். கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றது எனக்குத் தெரிந்தது...

ரெண்டு மாசம் கழித்து ஒரு திங்கட்கிழமை அண்ணனே சொன்னார். "நேத்து ஜெயமேரிக்கு ஓலை வாசிச்சாங்களாம். மாப்பிள்ளைக்கு மில்லுல வேலையாம்." சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

பிறகு எத்தனையோ டெஸ்ட் வந்தது. எதற்கும் போகவில்லை. பெண்ணும் பார்க்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து பாயசத்தை மட்டும் ரெண்டு வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டு, நீயாவது மம்சாபுரம் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வா என்றேன்.

"யார்ட்டப் போய்க் கேட்க மைனி? பொண்டாட்டி இருக்காளா, பிள்ளை இருக்கா? அம்புட்டுப் பேரும் பக்கத்து வீட்டுக்காரங்கதான்" என்கிறாள்.

நான் போனை வைத்துவிட்டேன்.

வேதக்காரர் சாமியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது... மாதாவே, எங்க அண்ணனை அங்கேயும் தனியா விட்டுறாத தாயே.