வாட்ச்மேன் தலையும் என் மருமகளும்

என் மருமகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றால், ஊசி போடுவாளா என்று கேட்கிறார்கள். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் மூளையைப் பார்க்கிறாள். ஆள் யோசிக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ, அதை ஸ்கேன் சிவப்பாகக் காட்டுமாம். அந்தப் படம் தேறுமா, தேறாதா என்று சொல்வதுதான் இவள் பிழைப்பு. பல்லில் கம்பி இருந்தால் படத்தில் ஓட்டை விழும். தலை அசைந்தால் எல்லாமே குழம்பும். பத்துக்கு மூன்றைத் தள்ளிவிடுவாள். தள்ளுகிறவளை எவனுக்குப் பிடிக்கும்? பதினோரு வருஷமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைகிறாள்.

போன மாதம் ஒரு பேங்க் வாட்ச்மேன் வந்தார். மண்டைக்குள் இடது பக்கம் கட்டி. பேச்சு எந்த இடத்தில் இருக்கிறதென்று பார்க்காமல் கத்தி வைத்தால் ஆள் ஊமை. மிஷினுக்குள் படுக்கவைத்து, கண்முன் ஒவ்வொரு சாமானாகப் படம் காட்டி, வாய் திறக்காமல் மனசுக்குள் பேர் சொல்லச் சொன்னார்கள். சிவப்பு வலது ஓரமாக விழுந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிடலாம் என்று டாக்டருக்குச் சந்தோஷம்.

இவள் முகம் மட்டும் சுளித்தது. சிவப்பு மூளையின் விளிம்போடு உடைந்த வளையல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. தலை அசைந்த கணக்கை எடுத்துப் பார்த்தாள். படம் மாறும்போதெல்லாம் ஓர் அசைவு.

"இது பேச்சு இல்ல சார். அவர் தலையாட்டியிருக்கார்."

"நாளைக்கு ஆபரேஷன். உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்."

"அதுக்குத்தானே சார் சம்பளம் குடுக்குறீங்க."

வாட்ச்மேனிடமே போய்க் கேட்டாள்.

"ஐயா, உள்ள தலையாட்டினீங்களா?"

"சேச்சே, இல்லம்மா" என்று நன்றாகத் தலையாட்டிக்கொண்டே சொன்னாராம்.

அவர் பெண்சாதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முப்பது வருஷமா பேங்க் வாசல்ல வர்றவன் போறவனுக்கெல்லாம் ஆட்டின தலைம்மா. வீட்டுல காலண்டருக்கும் ஆட்டுவாரு."

நெற்றிக்குக் குறுக்கே டேப் ஒட்டி, இரண்டு முனையையும் படுக்கையோடு சேர்த்தாள். அசைந்தால் தோல் இழுக்கும், அவருக்கே தெரியும். என் வீட்டுக்காரர் அவர் அம்மா பேச்சுக்கு ஆட்டிய ஆட்டுக்கு அந்த டேப் போதாது.

மறுபடி எடுத்தது இருமலில் கெட்டது. மூன்றாவதுதான் தேறியது. வலது ஓரம் வெறிச்சென்று இருந்தது. இடது பக்கம், கட்டிக்கு விரல்கடை தள்ளிச் சிவப்பு.

"கொஞ்சம் விட்டுட்டுத்தான் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள்.

"நல்லதுதானடி பண்ணினே? ஏன் இழவு வீட்டு மூஞ்சி?"

"கட்டி மிச்சம் இருக்கும் அத்தை. நான் சொன்னதாலதான் மிச்சம்."

குனிந்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, தையல் போட்ட தலையோடு வாட்ச்மேன் அவள் அறை வாசலில் வந்து நின்றாராம். மாத்திரைக் கசப்பு, மகனின் சோம்பேறித்தனம், பேங்க் மேனேஜரின் கஞ்சத்தனம் என்று முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேச்சு.

"காது போச்சு அத்தை" என்றபடி வந்தவள், அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.