தங்கையின் பெயரில் ஒரு ஸ்தோத்திரம்

என் தங்கை என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் யாராவது சமாதானம் செய்து வைத்திருப்பார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்தவரே ஸ்தோத்திர அறிவிப்புகளையும் சொல்ல வேண்டும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினார், யார் பெண்ணுக்கு வரன் அமைந்தது, எல்லாம் பெயர் சொல்லி வரும். ‘ஒரு குடும்பத்தார்’ என்று பொதுவாகச் சொன்னால் சபைக்குத் திருப்தி இருக்காது. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் யாருங்க அது, யாருங்க அது என்று துளைத்தெடுத்துவிடுவார்கள். கோயம்புத்தூர் நகரத்துக்குள் இருக்கிற சபைதான், ஆனால் விசாரிப்பில் எந்தக் கிராமமும் எங்களிடம் தோற்றுப்போகும்.

நான் வாசிக்க ஆரம்பித்தது ரிட்டயர் ஆன பிறகு. அதற்கு முன் முப்பது வருஷம் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பாவும் அம்மாவும் வால்பாறையில் எஸ்டேட் லைனில் குடியிருந்தபோது கிறிஸ்தவர்கள் ஆனவர்கள். எனக்கும் தங்கைக்கும் ஒரே நாளில்தான் ஞானஸ்நானம். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா எங்களை இந்து என்றே எழுதச் சொன்னார். கிறிஸ்தவன் என்று எழுதினால் தாழ்த்தப்பட்டவன் என்கிற உரிமை சட்டப்படி போய்விடும். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. இப்போது பென்ஷன் வருவதும் அதே காகிதத்தின் புண்ணியம்தான்.

மதம் மாறினால் ஜாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது. அந்த நம்பிக்கை எங்கள் சபைக்கே கிடையாது. பெண் பார்க்கப் போனால் காபி வருவதற்கு முன் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்ற கேள்வி வந்துவிடும். நாணயத்தில் யாருடைய உருவம் இருக்கிறது என்று ஆண்டவர் கேட்ட பகுதிக்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஜாதிச் சான்றிதழில் யாருடைய உருவம் இருக்கிறது என்று எந்தப் பாதிரி ஐயரும் பீடத்தில் ஏறிச் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்ட வருகிற கட்சிக்காரர்களும் சொன்னதில்லை. கேக்கைத் தின்றுவிட்டு, சால்வையையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தங்கையைக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். அந்தப் பஞ்சாயத்தின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது அவள் நின்றாள், ஜெயித்தாள். மற்ற ஊர்களில் தலைவி கையெழுத்துப் போடுவாள், புருஷன் பேசுவான். எங்கள் மாப்பிள்ளை நாலு பேர் கூடினாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற மனுஷன், அதனால் அந்தத் தொந்தரவு இல்லை. முதல் கூட்டத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபோது இரண்டு உறுப்பினர்கள் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்களாம். அவள் கூட்டத்தை நடத்தி முடித்தாள். தங்கை குடியிருக்கிற தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது அவள் கையெழுத்தில்தான். அதுவரை அந்தத் தெருப் பெண்கள் அடுத்த தெருக் குழாயடியில், மற்றவர்கள் பிடித்து முடிக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவள் ஜெயித்த வாரம் வாசிப்பு முறை எனக்கு வந்தது. ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லுகிற பகுதி. வாசித்து முடித்தேன், சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. அறிவிப்புத் தாளில் இல்லாததை நானாகச் சேர்த்தேன். என் தங்கையின் பெயரைச் சொல்லி, ஊர்ப் பெயரையும் பதவியையும் சொல்லி, சபையின் மகளைக் கர்த்தர் உயர்த்தினார் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். சபையும் சேர்ந்து சொன்னது. கொரோனா காலத்தில் ஆரம்பித்த நேரலையை எங்கள் ஆலயத்தில் இன்னும் நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. கேமரா என் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது.

முப்பது வருஷம் பயந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்தவனுக்குப் பென்ஷன் கையில் வந்ததும் தைரியம் வந்துவிட்டது. என் தைரியத்தை நான் அவள் தலையில் கட்டினேன். 

தேர்தலில் தோற்றவர் அந்த நேரலை வீடியோவோடு மனுக் கொடுத்தார். கிறிஸ்தவப் பெண் தாழ்த்தப்பட்டவருக்கான பதவியில் இருக்கிறார், சான்றிதழை ரத்து செய்ய வேண்டும் என்று. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகிற வழியில் காரில் அவள் என்னைத் திட்டவில்லை. “ஏனுங்கண்ணா, அங்க போயி தடுமாறிப் போடாதீங்க. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

“இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“தங்கச்சிங்க.”

“கிறிஸ்தவங்களா?”

“இல்லீங்க.”

“ஞானஸ்நானம் வாங்கியிருக்காங்களா?”

“இல்லீங்க. தங்கச்சிங்கற சந்தோசத்துல நானாச் சொல்லிப்போட்டேனுங்க.”

“அப்ப நீங்க?”

“ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் சும்மா போயிட்டு வாரேனுங்க. அவ்வளவுதான்.”

மூன்று முறை. கன்னத்தில் அறைந்த மாதிரி எனக்கே உறைத்தது. விசாரணை முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு, சேவல் கூவுவதற்குள் மூன்று முறை இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மறுத்த சீஷனைப் பற்றி நானே அந்த மைக்கில் வாசித்திருக்கிறேன், கொஞ்சம் அலட்சியமாகக்கூட. இங்கே சேவல் எதுவும் கூவவில்லை. டைப் செய்கிற பெண் ஒரு தாளை நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் தங்கை, “பரவால்லீங்கண்ணா, சாப்புட்டுப்போட்டுப் போலாம் வாங்க” என்றாள்.

சான்றிதழ் செல்லும் என்று முடிவானது. எதிராளி விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். அதிலிருந்து அவள் ஆலயத்துப் பக்கமே வரவில்லை. முன்பெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்து இராப்போஜன அப்பமும் திராட்சரசமும் வாங்கி உட்கொண்டு போவாள். இப்போது கிழமை பார்த்து, வேலை நாளில் என் வீட்டுக்கு வந்து அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். அம்மா அப்போது படுக்கையில். மகளைக் கண்டால் ஆலயத்தில் பாடுகிற பழைய பாமாலைப் பாட்டு ஒன்றை ஆரம்பித்துவிடுவார். தங்கை எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, அப்புறம்தான் கூடச் சேர்ந்து பாடுவாள். அந்தச் சாத்திய ஜன்னலை என்னால் பார்க்க முடியாது, கடைக்குப் போகிற சாக்கில் வெளியே போய்விடுவேன். பதவி நிற்குமா என்பது அவள் கவலை. அவளை என்றைக்காவது மறுபடி ஆலய பெஞ்சில் உட்கார வைப்பேனா என்பது என் கவலை. இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை என்று தெரிந்தும் இரண்டுக்குமே ஜெபித்தேன்.

அம்மா ஒரு வியாழக்கிழமை விடியும்போது போனார். தங்கை வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், எண்ணெய் தடவித் தலை வாரிவிட்டாள், சேலையை அவள்தான் கட்டினாள். ஐயர் வருவதற்கு முன் என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நான் கோயிலுக்குள்ள வரல. ரோட்டுல கார்லயே இருந்துக்கறேன். கேஸ் நடக்குது, வக்கீல் கண்டிசனாச் சொல்லியிருக்காரு. வாழ்க்கைக் குறிப்புல எம் பேரு வேண்டாங்க.”

வாழ்க்கைக் குறிப்பு என்பது அடக்க ஆராதனையில் வாசிக்கிற ஒரு பக்கம். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, திருமணம், பிள்ளைகள். எப்போதும் வாசிப்பவன் நான்தான், எங்கள் அம்மாவுக்கும் நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சரி அம்மணி என்று அவளிடம் தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ‘ஒரு மகனையும் ஒரு மகளையும் கர்த்தருக்குள் வளர்த்தார்’ என்று எழுதினேன். பெயர் இல்லை. ஆனால் ‘கர்த்தருக்குள்’ இருந்தது. அடித்தேன். ‘இரண்டு பிள்ளைகள்’ என்று எழுதினேன். இரண்டாவது யார் என்று ஒருவன் கேட்டால், இந்த ஆராதனையின் வீடியோவையும் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ற பயம் பிடித்தது. ஒரு முறை என் வாயால் கெட்டது போதும் என்று அதையும் அடித்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு. அம்மாவின் உடம்பு பக்கத்து அறையில் இருக்கும்போது, அரசாங்க ஆபீஸில் கோப்பு எழுதிப் பழகிய புத்தியோடு அதை எழுதினேன்.

ஆலயத்தில் நின்று வாசித்தேன். அம்மாவுக்கு ஒரே பிள்ளை, ஒரு மகன் என்று வாசித்தேன். சபையில் பழையவர்கள் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு குனிந்துகொண்டார்கள். வெளியே கூட்டத்துக்காக ஸ்பீக்கர் கட்டியிருந்தது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அடக்கம் முடிந்து கையில் மண்ணோடு ரோட்டுக்கு வந்தேன். அவள் காரைவிட்டு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுகையெல்லாம் முடிந்த முகம். எதிர்வரிசைக் கடையில் நாலு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

“எம் பேரத்தானுங்கண்ணா வேண்டாம்னேன்” என்றாள்.

 அவள் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வழக்கில் அவள் ஜெயித்ததை மூன்று மாதம் கழித்துப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.