சலீமா பேருக்கு வந்த புத்தகப் பெட்டி

மத்தியானம் என் ஃப்ரெண்ட் சலீமாவோட உம்மா போன் பண்ணாங்க. "ஏட்டி, அவ பேருக்கு புக்கு பெட்டி வந்திருக்கு. நீ வந்து பிரி."

சலீமா இறந்தது போன மாசம். மாசாமாசம் புக்கு பெட்டி வர அவ கட்டின சந்தாவை நிறுத்தணும்னு யாருக்கும் தோணல.

தென்காசிக்கு பஸ் ஏறிப் போய்ப் பிரிச்சேன். மெழுகுவத்தி, டிராகன் போட்ட புக்மார்க், நாங்க ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருந்த ஃபேண்டஸி நாவலோட கடைசி பாகம்.

அழுகை வரல. ஒண்ணுமே வரல.

உம்மா நாவல் அட்டையில இருந்த பொண்ணையே பாத்தாங்க. "எப்பவும் இவளப் பத்திதான் பேசுவா. கடைசில இவ பொழச்சிருதாளா?"

"தெரியல உம்மா. இனிமேதான் வாசிக்கணும்."

"இங்கனயே இருந்து வாசி. டீ போடுதேன்."

சாயங்காலம் வரைக்கும் முதல் பக்கத்தைத் தாண்டல.

நாவலோட அட்டைப் படத்தைக் கீழ போட்டிருக்கேன். வாசிச்சவங்க யாராவது முடிவை இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஸ்பாய்லர் பரவால்ல. உம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க.