நாற்பது லட்சம் கோடி வெட்டுக்கிளிகள்

துனிஸ் நகரத்தில் ஸுபைர் கர்ஸல்லாவை முட்டை வாங்க அனுப்புகிறவர்கள் யாரும் இல்லை. ஆறு கேட்டால் எட்டோடு வருவார், அல்லது பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார். அதே மனிதர், மாநாடுகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்கும்போது, இருபத்தாறு வருடமாக ஒரு பெரிய எண்ணையும் தவறவிட்டதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அந்த வேலையில் எண்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆங்கிலத்தில் பில்லியன் என்றால் நூறு கோடி. பிரெஞ்சில் அதற்குப் பெயர் மில்லியார். பிரெஞ்சிலும் பில்லியன் உண்டு. ஆனால் அது லட்சம் கோடி. ஆகவே ஒருவர் பேசும்போது, கூண்டில் பக்கத்தில் இருப்பவர் எண்களைச் சீட்டில் எழுதி நகர்த்துவது வழக்கம்.

ஸுபைருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீட்டு எழுதியவர் முன்ஜியா. மூன்று வருடத்துக்கு முன், தோஸரில் நடந்த பேரீச்சை மாநாட்டில், மில்லியார் என்று எழுதவேண்டிய இடத்தில் பில்லியன் என்று ஒருமுறை எழுதிவிட்டார். ஸுபைர் சரியாகவே சொல்லிச் சமாளித்தார். அதோடு விட்டிருக்கலாம். கல்யாண வீடுகளில்கூட அவரை "பில்லியன் மேடம்" என்று அறிமுகப்படுத்தினார். அன்றிலிருந்து சீட்டையும் பார்ப்பதில்லை. முன்ஜியா மட்டும் எழுதுவதை நிறுத்தவில்லை.

வெட்டுக்கிளி மாநாட்டின் முதல் நாள் காலை, கொண்டைக்கடலைச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே முன்ஜியா சொன்னார்:

"நாளையிலேருந்து நான் அரபிக் கூண்டுக்குப் போறேன். கேட்டு வாங்கிட்டேன்."

"ஏன்?"

"அங்க எழுதிக் குடுத்தா படிப்பாங்களாம்."

"போங்க. எனக்கென்ன" என்றார் ஸுபைர். பிறகு சாற்றில் மிளகாய் விழுதை இரண்டாம் தடவையும் போட்டுவிட்டுக் கண்ணீர் வடித்தார்; மிளகாயால்தான் என்று அவரே நம்பினார்.

பதினோரு மணிக்கு கென்யப் பிரதிநிதி வேகமாகப் பேசினார். கூட்டம் கூட்டமாக வருகின்றன, மொத்தம் நாற்பது பில்லியன் என்றார். ஸுபைரின் மனம் அரபிக் கூண்டில் இருந்தது. வாய் மட்டும் பிரெஞ்சில், "நாற்பது பில்லியன்" என்றது.

முன்ஜியாவின் சீட்டு நகர்ந்து வந்தது. அவர் பார்க்கவில்லை.

கீழே நைஜர் நாட்டுப் பிரதிநிதி தாளில் பெருக்கி வகுத்துவிட்டுக் கை தூக்கினார். "ஐயா, ஒரு சதுர கிலோமீட்டருக்கு எட்டுக் கோடின்னு வச்சாலும், இதுக்கு மூணு துனிசியா வேணும். நாங்க எங்க நிக்கிறது?"

பிரெஞ்சு கேட்டவர்கள் முகம் வெளுத்தது. ஆங்கிலம் கேட்டவர்கள் ஏன் என்று விழித்தார்கள். ஸுபைர் அப்போதுதான் சீட்டைப் பார்த்தார். பெரிய எழுத்தில் "40 மில்லியார்" என்று இருந்தது, அடியில் இரண்டு கோடு.

மைக்கை அணைத்தார். "நைஜர்காரர் சரியாக் கவனிக்கலேன்னு அவர் தலையில கட்டிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் முன்ஜியா. "ஆனா நான் கல்யாண வீட்ல சொல்லமாட்டேன்."

ஸுபைர் மைக்கைப் போட்டார். "மொழிபெயர்ப்பாளரின் திருத்தம்: நாற்பது மில்லியார்" என்றார். வழக்கம் அதோடு முடிகிறது. அவர் முடிக்கவில்லை. "என் சகா சரியாக எழுதிக் கொடுத்தார். நான்தான் பார்க்கவில்லை. மூன்று வருடமாகப் பார்க்கவில்லை."

அரங்கத்தில் பாதி சிரித்தது. மறுபாதி, மொழிபெயர்ப்பு வந்ததும் சிரித்தது. "மூணு துனிசியாவைத் திருப்பிக் குடுத்த அந்தம்மாவுக்கு நன்றி" என்றார் நைஜர்காரர். மீதியிருந்த நாலாயிரம் கோடி வெட்டுக்கிளிகளைப் பற்றி யாருக்கும் அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

இடைவேளையில் முன்ஜியா காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நாளைக்குப் பெரிய சீட்டா கொண்டு வரேன். சின்னது உங்க கண்ணுக்குப் பத்தல."

"அரபிக் கூண்டு?"

"அவங்க படிக்கத் தெரிஞ்சவங்க. எப்படியும் பொழச்சிப்பாங்க. போய் முட்டை வச்சு மடிச்சுப் பொரிச்ச ப்ரிக் ரெண்டு வாங்கிட்டு வாங்க, பசிக்குது."

ஸுபைர் ஏறக்குறைய ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஐந்து இருந்தது.

முன்ஜியா எண்ணிப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டை எடுத்து, "2" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, அவர் பக்கம் நகர்த்தினார். ஸுபைர் உடனே எடுத்துப் படித்தார்.