மில் களஞ்சியத்து நடு வளை

பக்கத்து ஊர்க்காரர் எங்கள் ஊரை 'மில்லடி' என்பார்கள். கேலியாகத்தான் தொடங்கினார்கள், எங்களுக்கு அது பெருமையாகவே இருந்தது. தெல்லிப்பழை பஸ்ஸில் வரும்போதே எங்கள் நெல் மில்லின் புகைபோக்கி தெரியும். அதன் கீழே இயந்திர அறை, நெல் அவிக்கும் கொட்டில், முருகைக்கல்லால் கட்டிய களஞ்சியம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் களஞ்சியத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக முதலாளி சொன்னார். நான் போய் மறித்தேன். ஊர்க் கட்டடங்களின் வயதைக் கொப்பியில் குறித்து வருபவன் நான் என்பது அவருக்குத் தெரியும். கோயில் மடத்தைவிட அது பழையதென்று வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் நிறுவிக் காட்டினால் இடிக்கமாட்டேன் என்றார்.

ஏணி வைத்து ஏறி, கூரையைத் தாங்கும் பனைமர உத்திரமான நடு வளையில் படிந்திருந்த உமித்தூசியைத் துடைத்தேன். தமிழ் எண்களில் ஒரு வருடம் செதுக்கியிருந்தது. மடத்து வாசற்கல்லிலுள்ள வருடத்துக்கு ஒரு தலைமுறை முந்தியது. ஏணியின் கடைசிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

நெல் அவிக்கும் பெண்ணொருத்தி மதியச் சோற்றுக்குப் பின் அங்கே சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். வருடத்தைச் சொன்னேன். அவள் எழும்பாமலே மேலே காட்டினாள்.

"அண்ணை, உந்த வளையிலை ஒரு வரிசைத் துளை ஒண்டும் பூட்டாமல் சும்மா கிடக்கு. எத்தினை வருசமா மல்லாந்து கிடந்து பாக்கிறன். உது வேறை வீட்டிலை கிடந்த வளையெல்லோ?"

வைரம் பாய்ந்த பனை வளையை எங்கள் பகுதியில் எவரும் வீசுவதில்லை. பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குப் போகும். இதை என் கொப்பியில் நானே எழுதி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் துளைகளைப் பற்றிச் சொல்லாமல் வருடத்தை மட்டும் வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. அது வளையின் வயது, களஞ்சியத்தின் வயது எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

முதலாளி சிரித்தார். "அப்ப மாஸ்ரர், நான் இடிக்கலாந்தானே?"

"இடியுங்கோ. வளையை விறகுக்குக் குடுத்திடாதேங்கோ."

"புதுசிலையும் அதைத்தான் போடுங்கோ முதலாளி," என்றாள் பின்வரிசையிலிருந்து அவள். "படுத்துக் கிடந்து பாக்க எனக்கும் ஒண்டு வேணும்."

புதுக் களஞ்சியத்துக்குச் சீமெந்துக்கல் சுவர். நடுவில் அதே வளை. தச்சர் அதில் புது வருடத்தையும் செதுக்கினார். கரியால் எழுதிக் கொடுத்தவன் நான். இரண்டு வருடம் சுமக்கும் வளை சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் நான்கு விரல் இடம் விடச் சொன்னேன். பழைய களஞ்சியம் கட்டிய வருடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.