ரிவர்ஸ் விழாத லாரி

சில்வஸ்டருக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலை ஃபாக்டரியில் அவன் லாரி டிரைவர், நான் ஸ்டோர் கீப்பர். மேட்டுப்பாளையத்தில் வழி மறித்து வண்டியை நிறுத்திய ஒருவனின் மூக்கை உடைத்திருக்கிறான். மாதா கோயில் தேர் தூக்குவதில் வந்த தகராறில், பங்கு ஜனம் அத்தனையும் பார்க்கச் சொந்த மச்சானையே புரட்டி எடுத்திருக்கிறான். அவன் கை வைக்காத ஒரே ஆள் ஆறுக்குட்டிதான்.

ஆறுக்குட்டி எங்கள் இன்னொரு டிரைவர். போன வருஷம் வாங்கிய ஆட்டோமேட்டிக் லாரி அவனிடம் போனது. அன்றிலிருந்து டீக்கடையில் இதே சண்டைதான்.

“கிளச்சும் இல்லெ, கியர் மாத்தற வேலையும் இல்லெ. அதை ஓட்டறவன் டிரைவராடா? லிஃப்டுல பட்டன் அமுத்தறவன்.”

“அமுத்தீட்டுப் போறேன் போ. உன்ற மாதிரி முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சிட்டா படுக்கறேன்?”

“இறக்கத்துல ரெண்டாவது கியர்ல புடிச்சா என்ற வண்டி என்ற பேச்சைக் கேக்கும். உன்ற வண்டி அதாவே யோசிச்சு, அதாவே மாத்தி, ஒரு நாளைக்கு உன்னைய மேல அனுப்பிரும் பாரு.”

திட்டிக்கொண்டே ஒரு தட்டு பஜ்ஜியை இரண்டு பேரும் காலி செய்வார்கள்.

சில்வஸ்டர் பீற்றிக்கொண்ட அந்தப் பழைய லாரிக்கு ரிவர்ஸ் கியர் லேசில் விழாது. கியர் கம்பியை மேலே தூக்கி, உள்ளங்கையால் ஓங்கி அறைய வேண்டும். மெக்கானிக் சரிசெய்கிறேன் என்றபோதெல்லாம் இவன் தடுத்துவிட்டான். தன் வண்டியை வேறு எவனும் எடுக்க முடியாது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், “ஒரு நடைக்கு மாத்தி ஓட்டிப் பாப்பமா?” என்றான் ஆறுக்குட்டி. இவனும் சரி என்றான். தேயிலை மூட்டைகளோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். ஆட்டோமேட்டிக் லாரியில் சில்வஸ்டரும் நானும் முன்னால், பழைய லாரியில் ஆறுக்குட்டி பின்னால்.

“ரிவர்ஸ் சூட்சுமத்தெ அவங்கிட்டச் சொல்லலெ. குடோன்ல திருப்பறப்ப முழிக்கட்டும்,” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான்.

குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவில் ஒற்றை யானை நின்றது. பலாப்பழ சீசனில் யானைகள் ரோட்டுக்கு வரும். நாங்கள் நிறுத்துவதற்குள் ஓடி வந்து முட்டியது. முன்கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. தும்பிக்கை உள்ளே புகுந்து துழாவியது. முகத்தை மறைத்த சில்வஸ்டரின் இடது கையை அது டேஷ்போர்டோடு வைத்து அழுத்தியதில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் வலது கையால் எட்டி ரிவர்ஸில் போட்டு மிதித்தான். அவன் கேவலம் என்று சொன்ன வண்டி, ஒற்றைக் கைக்குக் கட்டுப்பட்டு உடனே பின்னால் போனது. யானையும் விடாமல் துரத்தியது.

பழைய லாரி நின்ற இடத்திலேயே நின்றது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஆறுக்குட்டி இரண்டு கைகளாலும் கியர் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“தூக்கி அறைடா! தூக்கி அறைடா!” என்று சில்வஸ்டர் வெளியே தலையை நீட்டிக் கத்தினான். யானையின் பிளிறலில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. ஆறுக்குட்டி கதவைத் திறந்து வலது காலைக் கீழே வைத்தான். பிரேக் போட்டால் யானை எங்களைக் கொல்லும், போடாவிட்டால் அவன் நசுங்குவான். சில்வஸ்டர் பிரேக் போடவில்லை. எங்கள் லாரியின் பின்மூலை அந்தக் கதவில் மோதி, கதவு அவன் காலில் அறைந்தது.

இரும்பு மோதிய சத்தத்தில் மிரண்டு யானை காட்டுக்குள் இறங்கிவிட்டது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறுக்குட்டியின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கால் போயிருந்தால் ஆட்டோமேட்டிக்காவது ஓட்டியிருப்பான். வலது கால் எந்த வண்டிக்கும் வேண்டும்.

கையில் மாவுக்கட்டோடு சில்வஸ்டர் கட்டிலருகே போய் நின்றான்.

“ரிவர்ஸுக்குத் தூக்கி அறையோணும். உங்கிட்ட வேணும்னுதான் சொல்லலெ. நீ மாட்டீட்டு முழிப்பேன்னு பாத்தேன்.”

சில்வஸ்டர் குனிந்து கன்னத்தை அவன் கைக்கெட்டும்படி நீட்டினான்.

“அடிடா. உன்ற ஆத்திரம் தீர்ற மட்டும் அடி.”

ஆறுக்குட்டி கையை ஓங்கினான். பிறகு இறக்கிப் போர்வைமேல் வைத்துக்கொண்டான்.

“மாட்டேன். அடிச்சா உனக்கு ஆறிப் போயிரும். எனக்கு ஆறாது. போடா.”

சில்வஸ்டர் போகவில்லை. நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும்வரை அப்படியே குனிந்து நின்றான்.